விடிய விடிய நடக்குற கூத்தை எடுக்க 30,000 ரூபாய்க்குள்ள சின்ன கேம்கார்டர் எது வாங்கலாம்?

கேள்வி போட்ட தம்பிக்கு. நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் இதுதான்: பெரியப்பா கூத்து வாத்தியார், எழுபது தாண்டிட்டாரு, இந்த வருஷம் ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க, பத்து ராத்திரி கூத்தையும் முழுசா எடுத்து வெச்சுக்கணும், கையில 30,000 இருக்கு, இதுவரைக்கும் போனைத் தவிர எதையும் தொட்டதில்ல, ஆன்லைன்ல பாத்தா கேம்கார்டர்னு 6,000-த்துல இருந்து அறுபதாயிரம் வரைக்கும் காட்டுது, எதை எடுக்குறது. எந்த மாடல்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியக்காலைல ஆறு வரைக்கும் ஓடுற ஒண்ணை தனியாளா எப்படி விடாம பிடிக்கிறதுன்னுதான் நீங்க கேக்குறீங்க, அதுல மாடல் பேரு கால்வாசிகூட இல்ல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நான் ஆரணி பக்கம் கல்யாண வீடியோ எடுக்குறவன். தோள்ல வெச்சு எடுக்குற வி.எச்.எஸ் எம் 9000 காலத்துல லைட் பிடிக்கிற பையனா உள்ள வந்தேன், அப்புறம் மினி டிவிங்கிற சின்ன டேப், அப்புறம் கார்டுன்னு எல்லாம் மாறிடுச்சு, நான் மட்டும் மாறல. கூத்து எடுக்குறது ஒரு பன்னெண்டு வருஷமா, பெரும்பாலும் காசு வாங்காம, ஜமாக்காரங்க, அதாவது கூத்துக் குழுக்காரங்க பழக்கத்துல. ஷார்ட் ஃபிலிம், சினிமாட்டிக் அந்தப் பக்கமெல்லாம் நான் போனதில்ல, அதைப் பத்திக் கேட்டீங்கன்னா வேற ஆளைத்தான் கேக்கணும். மண்ணுல முக்காலி, அதாவது கேமராவை நிறுத்துற ட்ரைபாட் போட்டு ராத்திரி முழுக்க நிக்கிறதைப் பத்தி மட்டும் கேளுங்க, சொல்றேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத ஒண்ணு. அந்த 6,000, 8,000 ரூபாய்க்கு 4கே, 48 மெகாபிக்சல், நைட் விஷன், 18 எக்ஸ் ஜூம்னு போட்டிருக்குமே, பேரு தெரியாத கம்பெனி, கூடவே ஒரு மைக்கும் ரிமோட்டும் ஃப்ரீ, அதை வாங்காதீங்க. உள்ள இருக்குறது வெப்கேம்ல போடுற மாதிரி ஒரு குட்டி சென்சாரும் (வெளிச்சத்தைப் படமாக்குற சில்லு) நகராத லென்ஸும்தான். 18 எக்ஸ்னு சொல்றது டிஜிட்டல் ஜூம், அதாவது எடுத்த படத்தை வெட்டிப் பெருசாக்கிக் காட்டுறது, அதை உங்க போன்லயே ரெண்டு விரலால பண்ணிடலாம். 4கே-ன்னு சொல்றதும் சின்னப் படத்தை இழுத்துப் பெருசாக்கினதுதான். கண்டுபிடிக்கிறது சுலபம், லென்ஸே நகர்ந்து இழுக்குற ஜூமுக்குப் பேரு ஆப்டிகல் ஜூம், விவரத்துல அந்த வார்த்தை இருக்கான்னு தேடுங்க, இல்லைன்னா பக்கத்தை மூடிடுங்க. எங்க தெருவுல ஒரு பையன் வாங்கிட்டு வந்து காட்டினான், ட்யூப்லைட் வெளிச்சத்துல அவங்க அம்மா முகமே மாவுல பண்ணின மாதிரி இருந்துச்சு.

அடுத்து, போனே போதாதான்னு நீங்களே கேட்டிருக்கீங்க. இதுல நேர்மையா சொல்லணும்னா வெளிச்சம் கம்மியா இருக்குற இடத்துல இப்ப வர்ற நல்ல போன், உங்க பட்ஜெட்ல வர்ற எந்த கேம்கார்டரையும் அடிச்சிடும். காரணம் சென்சார் சைஸ். இந்த விலை கேம்கார்டர்ல இருக்குறது பெரும்பாலும் 1/5.8 இன்ச் பக்கம், சோளப்பொரி அளவுகூட இருக்காது, போன்ல இருக்குறது அதைவிட பல மடங்கு பெருசு. அப்புறம் ஏன் கேம்கார்டர்னா, போன் அரை மணி ஒரு மணி ஓடினா சூடாயிடும், நடுவுல மாமா போன் பண்ணுவாரு, ஸ்டோரேஜ் நிறைஞ்சுடும், தூரத்துல இருக்குற முகத்தை இழுத்தா குழம்பிடும். கேம்கார்டர்ங்கிறது மணிக்கணக்கா ஓடுறதுக்குன்னே செஞ்ச சாமான், கார்டும் கரண்டும் இருக்குற வரைக்கும் ஓடும். யாராச்சும் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கிக்கோன்னு சொல்லுவாங்க, படம் அழகா இருக்கும்தான், ஆனா அந்த வகையில பலது 29 நிமிஷம் 59 செகண்ட்ல தானா நின்னுடும். ஐரோப்பாவுல அரை மணிக்கு மேல எடுக்குற கேமராவை வீடியோ கேமரான்னு கணக்கு வெச்சு வரி போட்டாங்க, அதைத் தவிர்க்கக் கம்பெனிக்காரங்க வெச்ச வரம்பு அது. துச்சாதனன் சேலையை இழுக்குற நேரத்துல கேமரா நின்னா யாருகிட்ட போய்ச் சொல்றது.

இப்ப மாடலுக்கு வர்றேன். நம்ம ஊர்ல எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஹேண்டிகேம்னுதான் சொல்லுவோம், அது 1985-ல சோனி வெச்ச பேரு, ஒட்டிக்கிச்சு. அந்த சோனியில உங்க விலைக்கு எல்லாரும் சொல்றது சிஎக்ஸ் 405. 2015-ல வந்தது, 30 எக்ஸ் ஆப்டிகல் ஜூம், ஃபுல் எச்டி, கையில வெச்சா ஒரு டம்ளர் கனம்கூட தெரியாது, லென்ஸ் நல்ல வைட், அதாவது கிட்ட நின்னாலும் நிறைய இடம் அடங்கும், ஆட்டம் தெரியாம எடுக்கும். பானாசோனிக்ல வி 180, 50 எக்ஸ் ஜூம். ரெண்டுமே நல்ல சாமான்தான், கோயில் திருவிழா, குழந்தை பிறந்தநாள், டூர்னா கண்ணை மூடிட்டு வாங்குங்கன்னு சொல்லிடுவேன். ஆனா ரெண்டுலயும் வெளி மைக் சொருக ஓட்டை கிடையாது. கூத்துக்கு அதுதான் விஷயமே. அந்த ஓட்டை இருக்குறதுன்னா கேனான் லெக்ரியா எச்எஃப் ஆர் 806, 32 எக்ஸ் ஜூம், மைக் சொருகலாம், ஹெட்போன் போட்டுக் கேக்கலாம், தொடுதிரை. வைட் கொஞ்சம் கம்மி, சோனியைவிட நாலடி பின்னால நிக்கணும். இன்னும் மேல போனா பானாசோனிக் வி 785, சென்சார் 1/2.3 இன்ச், கண்ணுக்கே தெரியுற வித்தியாசம், ராத்திரில புள்ளி புள்ளியா வர்றது குறையும், மைக்கும் உண்டு, ஆனா புதுசு கிடைச்சாலும் உங்க பணம் பத்தாது.

ஜூம் எண்ணிக்கையைப் பாத்து மயங்காதீங்க. 50 எக்ஸ் இழுத்தா முக்காலியில வெச்சாலே காத்துக்கு ஆடும், அதோட ஜூம் போகப்போக லென்ஸ் உள்ள விடுற வெளிச்சமும் குறைஞ்சுடும், ராத்திரில படம் இன்னும் இருட்டாயிடும். கூத்துக் களத்துல 10 எக்ஸுக்கு மேல எனக்குத் தேவைப்பட்டது ரொம்பக் கம்மி, ஒரே ஒரு நாளைத் தவிர, அதை கடைசியில சொல்றேன்.

என்னைக் கேட்டா, இது உறுதியான விஷயம் இல்ல, என் விருப்பம்னு வெச்சுக்கோங்க, மைக் ஓட்டை இருக்குற கேமராவை செகண்ட் ஹேண்ட்ல 15,000-க்குள்ள பிடிச்சுட்டு மீதியை முக்காலி, கார்டு, சத்தம் இதுக்கு வெச்சுக்குவேன். 4கே வேண்டாம். இந்தச் சின்ன சென்சார்ல ராத்திரி 4கே எடுத்து ஒண்ணும் பெருசா வரப்போறதில்ல, ஃபைல்தான் பெருசாகும், உங்க லேப்டாப் திணறும்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்லமாட்டாங்க. துபாய்ல, சிங்கப்பூர்ல இருந்து சித்தப்பா வாங்கிட்டு வந்தா பரவால்ல, அமெரிக்காவுல இருந்து வாங்கிட்டு வர்றேன்னா யோசிங்க. அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், கேமரா செகண்டுக்கு 30, 60 ஃப்ரேம்னு எடுக்கும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் செகண்டுக்கு நூறு தடவை மினுக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கேமராவுக்குத் தெரியும், படம் முழுக்க வெளிச்சம் அலை அலையா போகும். சின்ன விலை மாடல்ல இதை மாத்துற வசதி பெரும்பாலும் இருக்காது. இங்க விக்கிறது 25, 50-ல எடுக்கும், நம்ம லைட்டோட ஒத்துப்போகும். ஷட்டரை, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் விடுற நேரத்தை, கையால வைக்க முடிஞ்சா 1/50-ல வெச்சுடுங்க. ஜெனரேட்டர்ல ஓடுற விலை மலிவான எல்இடி ஃபோகஸ்னா அப்பவும் கொஞ்சம் கோடு வரலாம், ஜெனரேட்டர் ஒரே வேகத்துல ஓடாது, அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

செகண்ட் ஹேண்ட் வாங்குறப்ப சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, தெரிஞ்ச ஸ்டுடியோவோ, நேர்ல போய்ப் பாத்து வாங்குங்க. லென்ஸை மூடிட்டு ரெண்டு நிமிஷம் ரெக்கார்டு பண்ணி போட்டுப் பாருங்க, கருப்புல வெள்ளைப் புள்ளி நிலையா தெரிஞ்சா சென்சார் போயிட்டு இருக்கு. திரையைத் திறந்து மூடி, திருப்பி, அஞ்சாறு தடவை பண்ணிப் பாருங்க, அந்தக் கீல்ல ஒரு பட்டையான ஒயர் போகும், அது தேஞ்சிருந்தா படம் கோடு விழும், இல்ல தலைகீழா நிக்கும். ஜூமை முழுசா உள்ள வெளிய ஓட்டுங்க, கரகரன்னு சத்தம் வந்தா மண்ணு போயிருக்கு. நான் ஒரு தடவை இதெல்லாம் பாக்காம கடைக்காரர் போட்டுக் காட்டின வீடியோவை மட்டும் பாத்து ஏமாந்தேன், வெளிச்சமான கடைக்குள்ள எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். டேப் போடுறது, உள்ளயே ஹார்ட் டிஸ்க் இருக்குறது ரெண்டையும் ஓசியில குடுத்தாலும் வேண்டாம். டேப்பை கம்ப்யூட்டர்ல ஏத்த ஃபயர்வயர்ங்கிற பழைய ஒயர் இணைப்பு வேணும், இப்ப எந்த லேப்டாப்ல அது இருக்கு. ஹார்ட் டிஸ்க் அதிர்வு தாங்காது.

கார்டு கணக்கு. ஃபுல் எச்டியில 24 எம்பிபிஎஸ்னு ஒரு அளவு இருக்கும், அதாவது செகண்டுக்கு 24 மெகாபிட் எழுதும் (எட்டு மெகாபிட் சேர்ந்தா ஒரு எம்பி), அதுல ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 11 ஜிபி ஆகும், எட்டு மணி நேரக் கூத்துக்கு 86 ஜிபி. அதுக்குக் கீழ 17 எம்பிபிஎஸ்ல எட்டு மணிக்கு 61 ஜிபி, ஒரே 64 கார்டுல மூச்சுப் பிடிச்சு அடங்கிடும். சோனியில எக்ஸ்ஏவிசி எஸ்ங்கிற பதிவு முறையில 50 எம்பிபிஎஸ் வரைக்கும் போகும், அதுல எட்டு மணிக்கு 180 ஜிபி, ராத்திரிக் கூத்துக்கு அவ்வளவு தேவையில்ல. நான் 24-ல எடுப்பேன், ரெண்டு 64 கார்டு, கோமாளியா வர்ற கட்டியங்காரன் நடுவுல வந்து ஊர் நியாயம் பேசுறப்ப, ஆட்டம் ஓயுற நேரத்துல மாத்திக்குவேன். ஒரே 128 கார்டு போட்டா மாத்த வேண்டியதில்லதான், ஆனா அது ஒண்ணு கெட்டா ராத்திரி மொத்தமும் போச்சு. வேகம் கிளாஸ் 10 போதும், அதுன்னா செகண்டுக்கு 10 எம்பி குறையாம எழுதும்னு அர்த்தம், உங்களுக்குத் தேவை மூணு எம்பிதான். வேகத்தைவிட போலிக் கார்டுதான் ஆபத்து, 64-ன்னு எழுதி உள்ள 8 இருக்கும், நிறைஞ்சதும் பழசு மேலயே எழுதிட்டுப் போகும், கேமரா ஒண்ணும் சொல்லாது. வாங்கின அன்னைக்கே எச்2 டெஸ்ட்டபிள்யூங்கிற இலவச சாஃப்ட்வேர்ல போட்டு முழுசா எழுதிப் படிச்சுப் பாத்துடுங்க, அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், பரவால்ல.

பேட்டரியில அட்டைப்பெட்டியில போட்டிருக்குற நேரத்தை நம்பாதீங்க. அது ஒரே இடத்துல வெச்சு விடாம ஓட்டின கணக்கு, ஜூம் பண்ணி நிறுத்தி எடுத்தா அதுல பாதிதான் வரும். வாங்குற மாடல்ல சார்ஜர் சொருகிக்கிட்டே எடுக்க முடியுதான்னு கடையிலயே பாத்துடுங்க, முடிஞ்சா மைக் செட்காரரைப் பிடிச்சு ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிட்டா கவலை விட்டுச்சு. ஆனா பேட்டரியும் உள்ள இருக்கணும், ராத்திரில யாராச்சும் ஒயர்ல தடுக்கி விழுவாங்க, கட்டாயம் விழுவாங்க.

முக்காலிக்கு குறைஞ்சது 3,000 ஒதுக்குங்க. போட்டோ எடுக்குறதுக்கான மலிவு முக்காலியில பக்கவாட்டுல திருப்பினா வெடுக்கு வெடுக்குன்னு போகும். வீடியோ ஹெட் இருக்குறதா பாருங்க, அதுவும் முடியலைன்னா கைப்பிடியில ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, ரப்பரைப் பிடிச்சு இழுங்க, கை நடுக்கம் ரப்பர்ல அடங்கிடும், கேமரா வெண்ணெய் மாதிரி திரும்பும். நடுத்தண்டுல ஒரு பையைக் கட்டி ரெண்டு செங்கல்லைப் போட்டுடுங்க. முக்காலியில வெச்சதும் அந்த ஆட்டம் தடுக்குற ஸ்டெடிஷாட்டை ஆஃப் பண்ணணும், இல்லைன்னா நீங்க திருப்பி நிறுத்தின பிறகும் படம் மட்டும் கொஞ்சம் மிதந்து போய் நிக்கும், பாக்குறவனுக்கு கிறுகிறுன்னு வரும்.

இப்ப சத்தம். படம் கொஞ்சம் இருட்டா இருந்தாலும் கூத்தை உக்காந்து பாப்பாங்க, பாட்டு கேக்கலைன்னா அஞ்சு நிமிஷம் பாக்கமாட்டாங்க, அதுவும் உங்க பெரியப்பா பாட்டுக்காகத்தானே எடுக்குறீங்க. கேமராவோட சொந்த மைக்குக்கு ஒரு குணம் இருக்கு, சத்தம் கம்மியானா தானே ஏத்திக்கும், ஜாஸ்தியானா இறக்கிக்கும். கூத்துல என்ன ஆகும்னா, மிருதங்கக்காரர் ஓங்கி ஒரு அடி அடிச்சதும் மைக் பயந்து இறங்கிடும், அடுத்து வாத்தியார் எடுக்குற விருத்தத்தோட முதல் ரெண்டு வார்த்தை தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும், அப்புறம் மெல்ல ஏறும், ஏறினதும் திரும்ப ஒரு அடி. கூடவே உங்க பக்கத்துல உக்காந்திருக்குற பாட்டி பேத்தியைத் திட்டுறது துல்லியமா விழும். மெனுவுல மைக் லெவலை கையால வைக்க வசதி இருந்தா வெச்சுடுங்க, அதிகபட்ச சத்தம் வர்றப்ப முள்ளு மைனஸ் 12 டெசிபெல்லுக்கு மேல போகாத மாதிரி. மேல தட்டிட்டா அந்த இரைச்சலை எந்த சாஃப்ட்வேர்லயும் எடுக்க முடியாது, கம்மியா இருந்தா பின்னால ஏத்திக்கலாம்.

மைக் செட்காரர்கிட்ட இருந்து நேரா ஒயர் எடுக்கலாம்னு தோணும். எடுக்கலாம், ஆனா ஆம்ப்ளிஃபயர் பின்னாடி லைன் அவுட், இல்ல ரெக் அவுட்னு எழுதின ஓட்டையில இருந்து மட்டும்தான். ஆரன் ஸ்பீக்கருக்குப் போற திருகாணியில எதையும் தொடாதீங்க, அது 100 வோல்ட் லைன், கேமரா அங்கயே கருகிடும். ரெக் அவுட்ல எடுத்தாலும் கேமராவோட மைக் ஓட்டைக்கு அது ரொம்ப பலமான சிக்னல், நடுவுல குறைக்குற ஒயர் ஒண்ணு போடணும், இல்லைன்னா எல்லாம் கிழிஞ்ச சத்தம்தான். இதெல்லாம் புதுசா பண்றவங்களுக்குத் தலைவலி. அதைவிட ஜூம்ங்கிற கம்பெனியோட எச்1 மாதிரி, டாஸ்காம் டிஆர் 05 மாதிரி ஒரு கையடக்க ரெக்கார்டரை பழசா வாங்கி, பின்பாட்டுக்காரங்க உக்காந்திருக்குற பெஞ்சு பக்கத்துல, ஆர்மோனியத்துக்கும் முகவீணைக்கும் நடுவுல ஒரு கம்புல கட்டி விட்டுடுங்க, ஆரன் ஸ்பீக்கருக்குப் பின்பக்கமா இருக்கணும், காத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு. அது தனியா ஓடட்டும், கேமரா தனியா ஓடட்டும், பின்னால கம்ப்யூட்டர்ல ரெண்டையும் சேத்துக்கலாம். சினிமாவுல கிளாப் அடிக்கிறாங்களே, அதுக்குத்தான். உங்களுக்கு கிளாப்பே வேண்டாம், தாளக்காரர் முதல் தட்டு தட்டுற 'டிங்' போதும், ரெண்டு பதிவுலயும் ஊசி மாதிரி நிக்கும், அதை நேர் வெச்சா வேலை முடிஞ்சது. நீளமா ஓடினா ரெண்டும் மெல்ல விலகும், ரெண்டு கடிகாரம் ஒத்துப்போகாத மாதிரி, அதனால மணிக்கு ஒரு தடவை அதே மாதிரி ஒரு தாளத்துல திரும்ப நேர் வெச்சுக்கோங்க. இந்த வழியில போறதா இருந்தா மைக் ஓட்டை இல்லாத சிஎக்ஸ் 405 கூட ஓகேதான், அதையும் சொல்லிடுறேன், முன்னாடி சொன்னதுக்கு முரணா தெரிஞ்சாலும்.

ராத்திரி வெளிச்சத்துல ஆட்டோவை நம்பினா ரெண்டு இடத்துல கவுத்திடும். ஒண்ணு, பின்னாடி வானம் கருப்பா இருக்குறதால கேமரா எல்லாம் இருட்டுன்னு நெனச்சு வெளிச்சத்தை ஏத்தும், கிரீடத்துல ஒட்டின கண்ணாடியும் அரிதாரம் பூசின முகமும் வெளுத்துப் போயிடும். எக்ஸ்போஷரை ஒண்ணு ரெண்டு இழுத்து இறக்கி வெச்சுடுங்க, சுத்தி இருட்டா போனா போகட்டும், கூத்து ராத்திரில நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது கலர். கிருஷ்ணன் பச்சை முகத்தோட திரை முழுக்க வந்து நின்னா ஆட்டோ வைட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையா காட்ட கலரைத் தானா சரிபண்ற வசதி, அந்தப் பச்சையைக் குறைக்கப் பாக்கும், துச்சாதனன் சிவப்பா வந்தா அதைக் குறைக்கும், ஒரே ராத்திரில ஊர் மண்ணு நாலு கலர்ல இருக்கும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி களத்து நடுவுல யாரையாவது வெள்ளை வேட்டியோட நிக்க வெச்சு, அதை திரை முழுக்கக் காட்டி மேனுவல்ல செட் பண்ணிடுங்க. நீலம் போடாத வேட்டியா இருந்தா நல்லது. ஆட்டோ ஸ்லோ ஷட்டர், லோ லக்ஸ்னு ஏதாச்சும் இருந்தா ஆஃப், அது இருட்டுல படத்தை வெளிச்சமாக்கும், ஆனா சுத்தி ஆடுற ஆட்டத்துல கை கால் எல்லாம் இழுவி பேய் மாதிரி ஆகிடும்.

ஃபோகஸும் அப்படித்தான். ட்யூப்லைட்டுக்கு வர்ற பூச்சி லென்ஸ் முன்னாடி ஒண்ணு பறந்தா போதும், ஆட்டோ ஃபோகஸ் திரௌபதியை விட்டுட்டுப் பூச்சியைப் பாக்கப் போயிடும். இங்கதான் சின்ன சென்சாருக்கு ஒரு நல்ல குணம் இருக்கு, வைடுல வெச்சா கிட்டயும் தூரமும் எல்லாமே கூர்மையா இருக்கும், அதனால நடிகர் நிக்கிற இடத்துல ஒரு தடவை ஜூம் பண்ணி ஃபோகஸ் பிடிச்சு, மேனுவல்ல பூட்டிட்டு வெளிய வந்துடலாம், ராத்திரி முழுக்க தொட வேண்டாம். போனுக்குக்கூட இந்த அளவு சுலபம் கிடையாது. திரை வெளிச்சத்துக்கும் பூச்சி வரும், பின்னாடி இருக்குறவங்களுக்கும் கண்ணு கூசும், வெளிச்சத்தைக் குறைச்சுடுங்க. மூணு மணிக்கு மேல பனி இறங்கும், மேல ஒரு துண்டு. கேமராவோட லைட்டை நடிகர் முகத்துல அடிக்காதீங்க, அடிச்சா உங்க பெரியப்பாவே திட்டுவாரு.

இனி ஒரு வெக்கக்கேடு. முதல் தடவை படுகளம், அதாவது துரியோதனன் விழுற காட்சி, எடுக்கப் போனப்ப, புதுக் கேமரா, ரெக் பட்டனை அழுத்தினேன், பதட்டத்துல இன்னொரு தடவை கை பட்டிருக்கு. அதுக்கப்புறம் எல்லாமே தலைகீழ். நான் எடுக்குறேன்னு நெனச்சு அழுத்துனப்ப நின்னிருக்கு, நிறுத்துறேன்னு நெனச்சு அழுத்துனப்ப ஓடியிருக்கு. வீட்டுக்கு வந்து போட்டா நாப்பது நிமிஷம் என் செருப்பும், முக்காலி காலும், டீ குடிக்கப் போற வழியும். பீமனும் துரியோதனனும் மோதினது ஒரு செகண்ட் இல்ல. அன்னையில இருந்து திரை மூலையில சிவப்பா ரெக்னு எழுத்தும் நேரம் ஓடுறதும் ரெண்டையும் பாத்த பிறகுதான் கையை எடுப்பேன், இப்பவும் வாய்விட்டு 'ஓடுது'ன்னு சொல்லுவேன், பக்கத்துல இருக்குறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க.

எப்படி எடுக்குறதுன்னா, புதுசா கேமரா பிடிக்கிறவங்களுக்கு விரல் ஜூம்லயே இருக்கும், உள்ள போறது வெளிய வர்றதுன்னு. கூத்துக்கு அது ஆகாது. ஆளோட கால்ல கட்டின சலங்கையில இருந்து கிரீடத்து உச்சி வரைக்கும் தெரியுற மாதிரி ஒரு அளவு வெச்சு விட்டுடுங்க, கால்தான் தாளம், அதை வெட்டினா பெரியப்பா கோவிச்சுக்குவாரு. வேஷம் திரைக்குப் பின்னாடி நின்னு பாடிட்டு இருக்கும்போதே திரையோட சேத்து எடுங்க, திரை விலகுற நொடிக்கு முன்னாடி அவசரப்பட்டு கிட்ட போகாதீங்க. முகம் வேணும்னா வசனம் பேசுறப்ப, மெதுவா. உங்க போனை ஒரு கம்புல கட்டி களம் மொத்தமும் தெரியுற மாதிரி பக்கவாட்டுல வெச்சுட்டா ரெண்டாவது கேமரா ஆச்சு, அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டா சூடு தாங்கும்.

சாயங்காலமே போயிடுங்க. வேஷம் கட்டுற இடத்துல அரிதாரத்தைக் கல்லுல குழைக்கிறது, மரத்துல செஞ்ச கட்டை நகைகளைக் கட்டுறது, புருவம் இழுக்குறது, இதெல்லாம் இந்த மாதிரி சின்ன கேமராவுக்குப் பொருத்தமான வேலை. வைடுல வெச்சா லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் தூரத்துல இருக்குறதைக்கூட கூர்மையா எடுக்கும், பெரிய கேமராக்காரனுக்கு அதுக்குத் தனி லென்ஸ் வேணும். ஆனா ஜமாவுல எல்லார்கிட்டயும் கேட்டுட்டு எடுங்க, யூடியூப்ல போடப் போறீங்கன்னா அதை முன்கூட்டியே சொல்லிடுங்க. அவங்களுக்கு இது சோறு. ராத்திரி முழுசும் இலவசமா நெட்ல கிடைச்சா அடுத்த வருஷம் யார் தாம்பூலம் வெச்சு கூத்துக்குக் கூப்பிடுவாங்கன்னு ஒரு பயம் இருக்கு, அது நியாயமான பயமா இல்லையான்னு எனக்கே ரெண்டு மனசு, ஆனா முடிவு அவங்களோடதாத்தான் இருக்கணும்.

காலையில தூக்கக் கலக்கத்துல கார்டை ஃபார்மேட் பண்ணிடாதீங்க. ஏவிசிஎச்டிங்கிற பதிவு முறையில எடுத்தா ஃபைல் ஒண்ணா இருக்காது, ரெண்டு ஜிபி, நாலு ஜிபின்னு தானா துண்டு துண்டா வெட்டி வெக்கும், எம்டிஎஸ்னு முடியும். தனித்தனி ஃபைலா இழுத்துப் போட்டா துண்டு சேர்ற இடத்துல சத்தம் ஒரு நொடி விட்டுப்போகும், அதனால பிரைவேட்னு இருக்குற ஃபோல்டரை அப்படியே முழுசா காப்பி பண்ணுங்க, கேமராவோட கம்பெனி சாஃப்ட்வேர்லயே ஏத்தினா துண்டுகளை அதுவே ஒட்டிடும். பத்து ராத்திரிக்கு 860 ஜிபி கிட்ட வரும், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு வேணும், ஒண்ணு வீட்டுல ஒண்ணு வேற வீட்டுல. பட்ஜெட்ல இதை நீங்க எழுதலை, எழுதிக்கோங்க. கேமராவுக்கு ஆகுற செலவுல பாதி இதுக்கே போயிடும்.

அப்புறம் அந்த ஒரு நாள் சொன்னேனே, அர்ச்சுனன் தபசு. எங்க பக்கம் பல ஊர்ல பகல்லதான் அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரம் ஏறுவாரு, அன்னைக்கு 30 எக்ஸ் ஜூமுக்கும் வேலை வரும், போன் தோத்துடும். மேல ஏறி ஏறி ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு, உச்சியில உக்காந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவாரு, கீழ புள்ளை வரம் கேக்குற பொம்பளைங்க மடியை ஏந்திட்டு நிப்பாங்க, ரெண்டையும் எடுக்கணும். ராத்திரி வெச்ச மேனுவல் செட்டிங் எல்லாத்தையும் மாத்த மறந்துடாதீங்க, பகல்ல அது எல்லாத்தையும் வெள்ளையடிச்சுடும், நான் ஒரு தடவை மறந்தேன். வானத்தைப் பாத்து எடுக்குறப்ப ஆள் கருப்பா தெரிவாரு, அதுக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏத்தணும், ராத்திரி பண்ணினதுக்கு நேர் எதிர். மரத்துக்கு ரொம்ப கிட்ட போனா தாடை மட்டும்தான் தெரியும், அண்ணாந்து கழுத்தும் போயிடும், மரத்தோட உயரத்தைப்போல ரெண்டு மடங்கு தள்ளி, கூட்டத்துக்குப் பின்னால ஒரு டிராக்டர் டிரெய்லர் மேல முக்காலியைப் போடுங்க. ஏறுறது காலையிலன்னா மரத்துக்குக் கிழக்கால நில்லுங்க, வெயில் உங்க முதுகுல அடிக்கணும், அவர் முகத்துல விழணும்.